சிறப்புப் பள்ளியின் பாடத்திட்டம்: ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை

சிறப்புப் பள்ளி தேடும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது கட்டணம். அடுத்தது வேன் வசதி. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்பவர்கள் அரிது. கேட்டாலும், பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா என்பதுதான் மனத்துக்குள் இருக்கும் கேள்வி. பார்த்துக்கொள்வது வேறு, கற்றுத் தருவது வேறு. நான் எழுதப் போவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். நடுத்தர அளவு அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழ் சொல்கிறது. 2013-இல், ஆறு வயதில், தென்சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். குறைகளையும் எழுதப் போவதால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

சேர்ந்த முதல் மாதம் பாடம் எதுவும் நடக்கவில்லை. கவனித்துக் குறிப்பெடுப்பது மட்டும்தான். அதன் முடிவில் எங்களைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். எம்.டி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் மெட்ராஸ் டெவலப்மென்ட்டல் புரோகிராமிங் சிஸ்டம் அது. சென்னையிலேயே, விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பில், ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. மொத்தம் 18 பிரிவுகள்: உடல் அசைவு, விரல் வேலை, சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், புரிந்துகொள்வது, பேசுவது, வாசிப்பு, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டுவேலை என்று போகும். பிரிவுக்கு 20 செயல்கள். எளியதில் தொடங்கிக் கடினமானதை நோக்கி ஏறும். ஆக 360. பிள்ளை செய்தால் நீலம், செய்யாவிட்டால் சிவப்பு. காலாண்டுக்கு ஒருமுறை திரும்ப அளப்பார்கள்.

முதல் வரைபடத்தில் சிவப்புதான் அதிகம். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "பரீட்சையே வைக்காமல் ஃபெயில் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். ஆசிரியை சிரித்துக்கொண்டே விளக்கினார்: நீலம் எங்கே முடிகிறதோ, அதற்கு அடுத்த சிவப்புதான் அடுத்த மூன்று மாதப் பாடம். அதற்கு மேலே இருக்கும் சிவப்பைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

இந்தப் பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே பிள்ளை உடுத்துவதில் ஒரு படியிலும் பேசுவதில் நான்கு படி கீழேயும் இருக்கலாம். அதற்கு இங்கே இடம் உண்டு. வேறு சில பள்ளிகளில் எஃப்.ஏ.சி.பி. என்ற மதிப்பீட்டுப் பட்டியல் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக செகந்திராபாத்தில் இருக்கும் தேசிய நிறுவனம் தயாரித்தது. அதில் முன்தொடக்க நிலையிலிருந்து தொழில்முன் பயிற்சி வரை நிலைகள் இருக்கின்றன; 80 சதவீதம் எட்டினால்தான் அடுத்த நிலை. 'வகுப்பு' என்று ஒன்று இருந்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் பெற்றோருக்கு அது பிடிக்கும்.

எழுதிவைத்திருப்பது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதற்குச் சட்டைப் பொத்தானைச் சொல்கிறேன். வீட்டில் நாங்கள் மேல் பொத்தானிலிருந்து தொடங்கிப் 'போடு, போடு' என்போம். இரண்டாவதற்குள் அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். பள்ளியில் தலைகீழாகத் தொடங்கினார்கள். எல்லாப் பொத்தானையும் ஆசிரியையே போட்டு, கடைசிப் பொத்தானையும் துளைக்குள் பாதி நுழைத்துவிடுவார். வெளியே தெரியும் பாதியைப் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்ததும் சட்டை முழுதும் போட்டு முடிந்துவிடும், கைதட்டும் கிடைக்கும். அது பழகியதும் நுழைப்பதும் அவன் வேலையானது. பிறகு அதற்கு மேல் பொத்தான். எப்போது கையைப் பிடித்து உதவினார்கள், எப்போது வாய்ச்சொல் போதுமானது, எப்போது எதுவும் தேவைப்படவில்லை என்பது நாள்வாரியாகக் குறிப்பேட்டில் இருக்கும். "அம்மா, வீட்டில் அவசரமாக இருந்தால் மற்றதை நீங்களே போட்டுவிடுங்கள், கடைசியை மட்டும் அவனுக்கு விட்டுவையுங்கள்" என்றார். காலை ஏழரை மணிக்கு வேனைப் பிடிக்க ஓடும் வீட்டுக்கு இதைவிட நடைமுறையான அறிவுரை கிடையாது.

அந்தக் குறிப்பேட்டின் அருமை ஆசிரியை மாறும்போது தெரியும். சிறப்பாசிரியர்களுக்குத் தரும் சம்பளம் அப்படி; நல்லவர்கள் ஓரிரு ஆண்டில் வேறிடம் போய்விடுகிறார்கள். புதிதாக வந்தவர் கோப்பைப் படித்துவிட்டு மறுநாளே மூன்றாவது பொத்தானிலிருந்து தொடர்ந்தார். முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு தெரபி மையத்தில் ஆள் மாறும்போதெல்லாம் 'அ'விலிருந்து தொடங்கினார்கள்.

இனி இடிக்கும் இடம். வாசிப்புப் பிரிவில் அவனுக்கு அன்றாடத் தேவைக்கான சொற்களைத்தான் கற்றுத்தந்தார்கள்: தன் பெயர், 'ஆண்கள்', 'அபாயம்', பஸ் எண்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வருவது 29சி. அட்டையில் 29சி எழுதிக் காட்டினால் பத்துக்குப் பத்து. வரைபடத்தில் நீலம் ஏறிவிட்டது. நிறுத்தத்தில் நின்றபோது எதிரே வந்த 29சியை அவன் கண்டுகொள்ளவே இல்லை. வகுப்பில் பார்த்தது வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து. பஸ்ஸின் நெற்றியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக மின்னி ஓடுவது அவனுக்கு எழுத்தாகவே படவில்லை. செல்பேசியில் நிறைய பஸ்களின் முகப்பைப் படமெடுத்துக் கொடுத்தேன். ஆசிரியை அவற்றை வைத்துப் பாடத்தை மாற்றினார், பிறகு நிறுத்தத்துக்கே கூட்டிப்போனார். பாடத்திட்டம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அளக்கும் இடம் வகுப்பறையாகவே இருந்துவிடுகிறது என்கிறேன். வகுப்பறையில் வந்த நீலத்தில் பாதியை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பணம் இன்னும் சிக்கல். புழக்கத்திலுள்ள ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் நமக்கே சில சமயம் குழப்பம். அவற்றைப் பிரித்தறிய அவனுக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. நோட்டுக்கு வந்தபோது 2016 நவம்பர் குறுக்கிட்டது. பழைய 500, 1000 ரூபாய்ப் படங்கள் ஒட்டிய அட்டைகளெல்லாம் ஒரே இரவில் வீணாயின. அடுத்து பத்து ரூபாய் நாணயம். வகுப்பில் செல்லும், தெருமுனைக் கடையில் "இது ஓடாது தம்பி" என்று திருப்பித் தந்தார்கள். ரிசர்வ் வங்கி செல்லும் என்று எத்தனை முறை அறிவித்தால் என்ன! இப்போது கடைக்காரர் க்யூஆர் அட்டையைக் காட்டுகிறார், பள்ளியின் பட்டியலோ சில்லறை எண்ணுவதிலேயே நிற்கிறது. வரம்பு வைத்த ஒரு கணக்கிலிருந்து செல்பேசியில் பணம் செலுத்த அவனுக்கு நாங்களே சொல்லித்தருகிறோம். தொகையை அவன் சரியாக அழுத்துகிறான். பணம் போய்ச் சேர்ந்ததாகக் கடையிலுள்ள பெட்டி சத்தமாக அறிவிக்கிறதே, அது அவனுக்குப் பெரிய உதவி. காது கேட்டு உறுதி செய்துகொள்கிறான்.

இதே வளாகத்தில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். ஐந்து பாடங்கள், ஓவியம், மனையியல் போன்றவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள். வாசிக்க நேரமெடுக்கும், ஆனால் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்ல வழி. எங்களுக்கும் அதன் கீழ்நிலைத் தேர்வைப் பள்ளி பரிந்துரைத்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். சான்றிதழுக்காக அவன் ஓராண்டு கேள்வி பதில் உருப்போட்டால், பஸ்ஸும் கடையும் அந்த ஓராண்டு காத்திருக்க வேண்டும். உறவினர் சிலருக்கு இன்னும் இதில் வருத்தம்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியதும் இணைய வகுப்பு வந்தது. திரையில் வட்டம், சதுரம் காட்டியதெல்லாம் வீண். ஆனால் வீட்டுவேலைப் பிரிவின் 20 செயல்களையும் ஆசிரியை தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டி, எதில் தொடங்குவது என்று சொன்னார். துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது, குக்கர் விசில் எண்ணி எனக்குச் சொல்வது என்று அந்தப் பிரிவு விறுவிறுவென்று நீலமானது. இங்கே கற்குமிடமும் செய்யுமிடமும் ஒன்று, அவ்வளவுதான் ரகசியம்.

பதினான்கு வயதுக்குப் பிறகான தொழில் பயிற்சிதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். காகித உறை, மெழுகுவர்த்தி, தீபாவளிக்கு அகல் விளக்கில் வண்ணம். விளக்குக்கு வண்ணம் தீட்டும்போது அவன் முகத்தில் வரும் மகிழ்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் வாங்குவது யார்? நாங்கள்தான். எந்தக் கடைக்கு எது தேவை என்று கேட்டுவிட்டு வந்து எதையும் கற்றுத்தரவில்லை. விரல் வேலையில் படி படியாகப் பிரித்துப் பார்த்த அதே பள்ளி, வேலை என்று வரும்போது எல்லோருக்கும் ஒரே மேசையைப் போட்டுவிட்டது. கூட்டத்தில் கேட்டேன். "எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான், அம்மா" என்றார்கள்.

பதினெட்டு வந்தால் வேறு கதை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. பள்ளி அதற்கு மேல் தொடரலாம் என்கிறது, கட்டணமும் அதே மேசையும். சட்டப்படி அவன் பெரியவனாகிவிடுவதால் காப்பாளர் நியமனம் வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். வேண்டுமென்றால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பம். பள்ளியில் யாரும் இதைத் தாமாக முன்வந்து சொல்லவில்லை. இன்னொரு தாய் சொன்னார்.

நாங்கள் அவனை நிறுத்திவிட முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தெருவிலுள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் அரைநாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தாள் அடுக்குவது, பக்கங்களை வரிசையாகச் சேர்ப்பது, உறையில் போட்டுக் கொடுப்பது. பழைய ஆசிரியையிடம் கேட்டு அந்த வேலையைப் படிகளாகப் பிரித்து எழுதி வாங்கிக்கொண்டேன், பன்னிரண்டு படிகள் வந்தன. தாளை மேசையில் தட்டி ஓரத்தைச் சீராக்குவது ஏழாவது. இப்போது அதில்தான் நிற்கிறான்.