கால் எரிச்சலுக்குத் திருவனந்தபுரமா, திருநெல்வேலியா?

செங்கோட்டைக்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, இரவில் போர்வை பட்டாலே எரியும் அளவுக்கு முற்றியபோது நானும் ஆரியங்காவு வழியாக அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் போனேன். இரண்டு மாதம் கழித்துத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டையும் பார்த்தவள் சொல்கிறேன்: முதலில் திருநெல்வேலிக்குப் போங்கள்.

தூரத்தையும் செலவையும் நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. வேகத்தில் திருவனந்தபுரம்தான் மேல். அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மூளையிலும் முதுகுத்தண்டிலும் கோளாறு இல்லை என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஹைகிரவுண்டில் எல்லாவற்றுக்கும் வரிசை.

ஆனால் நரம்புக் கோளாறில் நோயாளி சொல்லும் சொல்தான் முதல் பரிசோதனை. மரத்துப்போவது வேறு, எறும்பு ஊர்வதுபோல் இருப்பது வேறு, எரிவது வேறு, சுள்ளென்று குத்துவது வேறு. எந்த நரம்பு, எங்கே தேடுவது என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்கிறார். திருவனந்தபுரத்தில் மருத்துவர் "பெருப்பு உண்டோ?" என்று கேட்டார். என் மலையாளம் சந்தைக்குப் போதும், அவ்வளவுதான். பெருத்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து "இல்லை" என்றேன். எறும்பு ஊர்வது போன்ற உணர்வைத்தான் மலையாளத்தில் பெருப்பு என்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவர்மீது குறையில்லை, நான் சொல்லாததை அவர் எப்படி எழுதுவார்? மனக்கவலையாக இருக்கலாம் என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

திருநெல்வேலியில் அரை மணி நேரம் கேள்விதான். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா? இரு காலிலும் ஒன்றுபோலவா? என்ன மாத்திரை, எத்தனை வருடமாக? பிறகு பஞ்சால் தொட்டார். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தார். அந்த அதிர்வு எனக்கு அடங்கிய பிறகும் அவர் விரலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்து, தோலில் வெளிறிய தேமல் இருக்கிறதா என்றும் தேடினார். நம் பக்கத்தில் தொழுநோயும் இப்படித் தொடங்குவதுண்டு என்றார்.

இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 148 பிகோகிராம். 200க்குக் கீழே போனாலே குறைவு. மீனில் இருக்கும் சத்தாயிற்றே, மீன் சாப்பிடுகிறவளுக்கு எப்படிக் குறையும் என்று கேட்டேன். சர்க்கரைக்காக 9 ஆண்டுகளாக விழுங்கும் மெட்ஃபார்மின், பி12 உடம்பில் சேருவதைக் குறைக்குமாம். ஊசி போட்டு நான்கு மாதத்தில் பாதி எரிச்சல் அடங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு இன்னும் பதில் இல்லை. நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனால் அது தடித்த இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதில் அகப்படாது. அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. நான் இன்னும் செய்துகொள்ளவில்லை.

திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது, நரம்பியலுக்குப் பெயர் பெற்றது. அங்கே போனதில்லை, ஆகவே ஒப்பிட மாட்டேன். பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதால் உள்ளூர் மருத்துவரிடமிருந்தே தொடங்கியாக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தாலோ, பலவீனம் காலிலிருந்து மேலேறினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, எந்த ஊர் என்று யோசிக்காதீர்கள்; பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். மற்றபடி, எங்கே போனாலும் எப்போது எரிந்தது, எங்கே எறும்பு ஊர்வதுபோல் இருந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். என் நோட்டில் இப்போது மலையாளச் சொற்களையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.