பிஸேனா, சோஷூவா?

பழைய ஜப்பானிய வாள் என்றதுமே பலர் வாயில் வரும் பெயர் மசமுனே. 1300-ஐ ஒட்டிய காலத்தில் காமகுராவில் வாள் அடித்தவர். அவர் பாணிக்குப் பெயர் சோஷூ. அதற்குச் சரியான போட்டி பிஸேன்; இன்றைய ஒகயாமா பக்கம், ஓசஃபுனே என்ற ஊர்.

மூலப்பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. இரும்பு மணலைக் கரியோடு உருக்கி எடுத்த தமஹகனே எஃகுதான். அதை மடித்து மடித்து அடித்து, முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு முறியாமல் தாக்குப்பிடிக்கும். இரண்டும் சந்திக்கிற கோடுதான் ஹமோன். இரண்டு பாணிகளும் பிரிவது அங்கேதான்.

பிஸேனில் சூடு கொஞ்சம் அடக்கம். ஹமோனின் துகள்கள் தனித்தனியாகத் தெரியாது. பனி படிந்த மாதிரி இருக்கும். இது நியோய். கிராம்பு மொட்டுகளை வரிசையாக அடுக்கியது போன்ற அலை பிஸேனின் அடையாளம். வாளை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால், ஹமோனுக்கு மேலே ஒரு வெண்மூட்டம் மிதக்கும். உட்சுரி என்பார்கள்.

சோஷூவில் சூடு அதிகம். ரவை தூவியதுபோல் மினுக்கும் துகள்கள், நியே. நடுநடுவே மின்னல் கீற்று மாதிரி கோடுகள். ஆனால் சூடு ஏற ஏற, முக்கும்போது விரிசல் விடும் அபாயமும் ஏறும். அத்தனை நாள் உழைப்பும் ஒரு நொடியில் போய்விடும்.

அழகில் சோஷூ மிரட்டும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் ஓட்டு பிஸேனுக்கு. ஓசஃபுனே கொல்லர்கள் கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் பெயரும், பல சமயம் தேதியும் வெட்டி வைத்தார்கள். மசமுனேவின் நீள வாள்களிலோ பெயரே கிடையாது. பின்னாளில் அடிப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கியவையும் நிறைய. நிபுணர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அதிலும் ஹோன்ஜோ மசமுனே என்ற புகழ்பெற்ற வாள், 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அப்புறம் அதைக் காணோம்.

பிஸேனின் சன்சோமோ என்ற வாளை, ஓசஃபுனே இருக்கும் செடோவுச்சி நகராட்சி 2020-இல் 50 கோடி யென்னுக்கு வாங்கியது. (அதிலும் கொல்லர் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்!) ஓசஃபுனே வாள் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் போனால், நேராக நின்று பார்க்காதீர்கள். கொஞ்சம் குனிந்து, விளக்கொளி வாளின் மேல் வழுக்கி ஓடும் கோணத்தைத் தேடுங்கள். கிராம்பு மொட்டுகள் அப்போதுதான் எழுந்து வரும்.