பிராகில் பணம் மாற்றினால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

2023 அக்டோபரில் நானும் அக்காவும் வியன்னாவில் இருந்து செக் நாட்டின் தலைநகர் பிராகுக்குப் பேருந்தில் போனோம். எங்களுக்குக் கிடைத்த ரயில் டிக்கெட்டைவிட அது மலிவு. தங்கியது ஹாஸ்டலில், எட்டுப் பேர் படுக்கும் அறை. வீட்டில் இருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து பாதி நாட்களை ஓட்டினோம். அப்படி யூரோ யூரோவாக மிச்சம் பிடித்ததை, பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பணம் மாற்றும் கடை ஒன்றில் ஐந்தே நிமிடத்தில் பறிகொடுத்தோம்.

செக் நாடு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அங்கே யூரோ இல்லை, கொருனாதான். கடை வாசலில் ‘0% கமிஷன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை நம்பி 200 யூரோவை நீட்டினேன். 3,600 கொருனா வந்தது. அன்றைக்கு ஒரு யூரோ 24 கொருனாவுக்கு மேல்; கடைக்காரர் கணக்குப் போட்டது 18-க்கு. கமிஷன் வாங்கவில்லை, ரேட்டிலேயே எடுத்துக்கொண்டார். எங்களுக்கு 1,200 கொருனாவுக்கு மேல் நஷ்டம். நம் காசில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும்.

எண்ணிப் பார்த்ததுமே திரும்பப் போய்க் கேட்டேன். “ரேட் சீட்டை முதலிலேயே காட்டினேனே, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்றார். சீட்டைக் காட்டியது உண்மை. நான் படிக்காமல் தலையாட்டியது என் தவறு. “விடுடி, போனது போகட்டும்” என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இரவு ஹாஸ்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் புலம்பியபோதுதான் தெரிந்தது, கடைக்காரர் சொன்னது பச்சைப் பொய் என்று. 2019 ஏப்ரலில் இருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் மாற்றிய பணத்தை, மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் கொடுத்துவிட்டு நம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காரணம் சொல்லவே தேவையில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன். மாற்றிய நேரம் பிற்பகல் 1:40. அப்போது மணி ஏழு தாண்டியிருந்தது. காசு போனதைவிட, உரிமை இருந்தும் ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னதுதான் இன்னும் எரிகிறது.

ஆகவே பணத்தை நீட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “200 யூரோவுக்கு என் கையில் எத்தனை கொருனா வரும்?” பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அன்றைய ரேட்டை போனில் பார்த்து ஒப்பிடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் ரசீதோடு உடனே ஓடுங்கள். மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி, அங்கே புகார் செய்வேன் என்று சொல்லுங்கள். தெருவில் நின்று “நல்ல ரேட் தருகிறேன்” என்பவரிடம் பேச்சே வேண்டாம். செல்லாத பழைய பெலாரஸ் நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவது அடி மறுநாள் ஏடிஎம்மில். 2,000 கொருனா கேட்டேன். ரூபாயிலேயே கழித்துக்கொள்ளவா என்று திரையில் வந்தது. தெரிந்த காசுதானே என்று சம்மதித்தேன். 8,300 ரூபாய் போனது. அன்றைய ரேட்டில் 7,200-ஐச் சுற்றித்தான் வரும். அந்த மாற்றத்தை வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும், நம் வங்கியே அதன் ரேட்டில் கழித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் பணம் வராதோ என்ற பயத்தில்தான் பலரும் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும், ஆனாலும் இந்த அளவுக்குப் போகாது.

உண்மையில் எங்களுக்கு அவ்வளவு ரொக்கமே தேவைப்படவில்லை. டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம், 24 மணி நேர டிக்கெட் அப்போது 120 கொருனா. சாப்பாட்டுக் கடைகளிலும் பெரும்பாலும் கார்டு செல்லும். அங்கேயும் இயந்திரம் ரூபாயா, கொருனாவா என்று கேட்கும், கொருனாவை அழுத்துங்கள். பரிமாறுபவர் உங்களைக் கேட்காமலேயே ரூபாயை அழுத்திவிட்டால், அதை ரத்து செய்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். கடைசி நாள் அக்கா அப்படித்தான் செய்ய வைத்தாள், அவர்களும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள்.