பகிர்ந்த கோப்புறை யாருடைய கணக்கில் இடம் பிடிக்கிறது: ஆறு ஆண்டு அனுபவம்

அப்பாவின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஸ்கேன் செய்து, உடன்பிறந்தவர்கள் நால்வரும் ஒரே கோப்புறையில் சேர்க்கும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். இதற்காக கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் என்ற மூன்று இணையச் சேமிப்புச் சேவைகளையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். இவை இலவசமாகத் தருவது முறையே 15, 5, 2 ஜிபி. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 100 எம்பி வரும். ஆகவே 15 ஜிபி என்பது சுமார் 150 பக்கங்கள்தான். தொடக்கத்தில் இந்தக் கணக்கை மட்டுமே போட்டுப் பார்த்தேன். பகிர்ந்த கோப்புறை யாருடைய இடத்தைத் தின்னும் என்று கேட்கத் தோன்றவில்லை.

டிராப்பாக்ஸின் விதி கண்டிப்பானது. பகிர்ந்த கோப்புறையில் சேரும் ஒவ்வொருவர் கணக்கிலும் அதன் முழு அளவும் கழியும். 1.5 ஜிபி கோப்புறையில் இலவசக் கணக்கு வைத்திருக்கும் நால்வர் சேர்ந்தால், நால்வருக்குமே மிஞ்சுவது அரை ஜிபிதான். பார்க்க மட்டும் விரும்புபவருக்கு இணைப்பை அனுப்பினால் போதும், அவர் கணக்கில் எதுவும் கழியாது. ஒன்டிரைவில் சுமை முழுவதும் கோப்புறையின் உரிமையாளருடையது. மற்றவர்கள் அதற்குள் பதிவேற்றுவதும் அவர் கணக்கிலேயே ஏறும்.

கூகுள் டிரைவைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அங்கே கோப்புறை யாருடையதாக இருந்தாலும், பதிவேற்றியவரே அந்தக் கோப்பின் உரிமையாளர் என்பதால் இடமும் அவர் கணக்கிலிருந்தே போகும். என் கோப்புறைக்குள் அக்கா ஏற்றிய பக்கங்கள் அக்காவின் 15 ஜிபியில் கழிகின்றன. நான் ஏற்றியவை என்னுடையதில் கழிகின்றன. நால்வர் பங்கிட்டுச் சுமப்பதற்கு இது மிகவும் ஏற்ற முறை என்பது என் முடிவு. ஆனால் அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத் தரப்படுவது. அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். பகிர்ந்த கோப்புக்குக் குறுக்குவழி வைத்துக்கொண்டால் இடம் போகாது, நகல் எடுத்தால் அந்த நகல் நம் கணக்கில் ஏறும். குப்பைத்தொட்டியில் கிடப்பதும், 30 நாள் கழித்துத் தானாக அழியும் வரை, கணக்கில்தான் இருக்கும்.

மூன்று சேவைகளிலும் ஒன்று பொது: உரிமையாளர் ஒரு கோப்பை நீக்கினால் அது எல்லோருக்கும் போய்விடும். இதை நான் அறிந்துகொண்ட விதம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. இடம் நிரம்பியதென்ற அறிவிப்பு வந்த ஒரு மாலையில், கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, பெரியவற்றின் பிரதி கணினியில் இருக்கிறதென்ற நம்பிக்கையில் அவற்றை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து அக்கா அழைத்து, "நாட்குறிப்பில் கடைசி மூன்று மாதத்தைக் காணவில்லையே, நீ ஏதாவது அழித்தாயா?" என்று கேட்டார். என் கணினியில் அவை இல்லை. அண்ணன் தன் கணினியில் தரவிறக்கி வைத்திருந்ததால் இரண்டு மாதப் பக்கங்கள் திரும்பக் கிடைத்தன. மூன்றாவது மாதத்தை, மை மங்கிய அந்த நோட்டைத் தேடி எடுத்து, மறுபடியும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம்.

இப்போது மூலப் பிரதிகள் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில், ஒன்று அண்ணனிடமும் ஒன்று என்னிடமும், இருக்கின்றன. பகிர்ந்த கோப்புறையில் சுருக்கிய ஜேபெக் படிகளை மட்டுமே ஏற்றுகிறோம். படிப்பதற்கு அவையே தாராளம். பதிவேற்றுபவர் தன் பெயரின் முதலெழுத்தைக் கோப்புப் பெயரின் முன்னால் சேர்ப்பதால், எவர் கணக்கில் எது கழிகிறது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எதையேனும் நீக்க வேண்டுமென்றால், நால்வரும் சரி என்ற பிறகே நீக்குகிறோம்.