ஸ்மார்ட் மீட்டருக்குக் 'கதிர்வீச்சுக் கவசம்' மாட்ட வருகிறார்கள், கேட்டைத் திறக்காதீர்கள்

தி.நகர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்த கதைதான். பணம் போனது ஒரு பக்கம், வீடே எரிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில்தான் மின்வாரியம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களை, அதாவது ரீடிங்கை ரேடியோ சிக்னலில் தானாகவே அனுப்பும் மீட்டர்களை, சோதனை முறையில் மாட்டியது. எங்கள் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே, அம்மாவின் அறைச் சுவரை ஒட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'ஸ்மார்ட் மீட்டரால் தலைவலி, தூக்கமின்மை, புற்றுநோய்' என்று சுற்றுக்கு வந்தது. அம்மாவுக்கு ஏற்கனவே தூக்கம் வராது. போதாதா?

அந்த வாரமே ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், 'அம்மா, நீங்க இந்தச் சுவர்ப் பக்கமா தலை வெச்சுப் படுக்கிறீங்க?' என்று ஒரே கேள்வி. அம்மா ஆடிப்போய்விட்டார். கைக்கு அடக்கமான ஒரு கருவியை மீட்டர் அருகில் நீட்டினார், சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தியது. 'உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்னு சொல்லியிருக்கு சார்' என்று லேமினேட் செய்த ஒரு தாளையும் காட்டினார். கம்பி வலை போட்ட தகரப் பெட்டி, மீட்டரை முழுதாக மூடிவிடும், 6,500 ரூபாய். மாட்டிய பிறகு அதே கருவியில் பச்சை விளக்கு. ஜிபேயில் ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பினேன். ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. பொறியியல் படித்தவன் நான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெட்டி சரியாக உட்காரவில்லை என்று மீட்டரின் கீழ்மூடியைத் திறந்து, உள்ளே வரும் கேபிளைக் கொஞ்சம் வளைத்து வைத்தார். மின்வாரியம் போட்டிருந்த சீல் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டியதை நான் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'இது நார்மல் சார், அவங்களே வந்து போட்டுக்குவாங்க' என்றார்.

மூன்று வாரம் கழித்து, ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஹாலில் விளக்கு மங்க ஆரம்பித்தது. வோல்டேஜ் பிரச்சினை என்று விட்டுவிட்டோம். அடுத்து ஒரு வாடை. 'யார் வீட்டுலடா கருவாடு பொரிக்கிறாங்க?' என்று அம்மா இரண்டு நாள் கேட்டார். எங்கள் மாடிப்படியில் யார் கருவாடு பொரிக்கப் போகிறார்கள்? மின்சாதன பிளாஸ்டிக் சூடேறிக் கருகும்போது மீன் வாடை போலத்தான் வருமாம், எனக்கு அப்போது தெரியாது. பெட்டி மூடியிருந்ததால் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

காப்பாற்றியது அந்த மீட்டரேதான் என்பது வேடிக்கை. தகரப் பெட்டிக்குள் சிக்னல் அடைபட்டதால் ரீடிங் போகவில்லை. ஏன் என்று பார்க்க மின்வாரிய ஊழியர் ஒருவர் வந்தார். பெட்டியைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார். 'என்ன சார் இது, இதுல யார் கை வெச்சாங்க?' தெரு பில்லர் பாக்ஸில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்துதான் திறந்தார். ஒரு ஃபேஸ் கேபிளை மீட்டரில் முறுக்கும் இடமான டெர்மினல் பழுப்பேறி உருகியிருந்தது, கேபிளின் இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்குச் சுருங்கிக் கருகியிருந்தது. ஸ்க்ரூவை விரலாலேயே திருக முடிந்தது. அலுமினியக் கேபிளை அசைத்துவிட்டுச் சரியாக முறுக்காமல் விட்டால் அந்த இடத்தில் தடை கூடும், கரண்ட் போகப் போகச் சூடாகும், சூட்டில் இணைப்பு இன்னும் தளரும். ஏசியும் கீசரும் ஒன்றாக ஓடும் வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சீல் போனது தனிக் கதை. 2003 மின்சாரச் சட்டத்தில் மீட்டரில் கைவைப்பது 135, 138 பிரிவுகளில் குற்றம். நான் திருடவில்லை, முட்டாளாக நடந்துகொண்டேன் என்பதை எழுத்தில் விளக்கிக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரம் பயன்பாட்டில் பெரிய மாற்றம் இல்லாததால் நம்பினார்கள். புது மீட்டருக்கான பணத்தைக் கட்டினேன், அது நியாயம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன். யார் மீது புகார் என்று கேட்டால் சொல்ல என்னிடம் கடைப் பெயர்கூட இல்லை.

அந்தக் கருவி விஷயத்துக்கு வருகிறேன். அதே மாதிரி ஒன்றை நண்பன் வைத்திருந்தான். ஓடும் மிக்சி பக்கத்தில் வைத்தோம், சிவப்பு. ஃபிரிட்ஜ் பின்னால், சிவப்பு. கரண்ட் ஓடும் எந்த இடத்திலும் அது கத்தும், பழைய சக்கர மீட்டரிடம் காட்டியிருந்தாலும் கத்தியிருக்கும். பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது, எந்த அளவுக்கு மேல் கத்த வேண்டும் என்பதை அதில் கூட்டிவிட்டால் பச்சை. லேமினேட் தாளில் இருந்தது, எதெல்லாம் புற்றுநோய் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-இல் வெளியிட்ட வகைப்பாடு. ரேடியோ அலைகள் '2பி', அதாவது 'ஒருவேளை இருக்கலாம்' என்ற பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மீட்டர் விட்டுவிட்டுச் சில நொடிகள் பேசும், அதுவும் சுவருக்கு அப்பால். அம்மா தலையணைக்கடியில் செல்போன் வைத்துத் தூங்குகிறார், அதை அந்த ஆள் கண்டுகொள்ளவே இல்லை.

பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே பெட்டியைப் பார்த்தேன். மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து நீங்களாகக் கழற்றாதீர்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டர் டெர்மினலில் கரண்ட் இருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனையும் கூப்பிட வேண்டாம், சீல் விஷயம் இருக்கிறது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கருவாடு வாடை ஏற்கனவே வந்துகொண்டிருந்தால் முதலில் ஏசி, கீசரை அணைத்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள்.