பெற்றோருக்கான சிறுமியர் லாக்ராஸ் விதிமுறை வகுப்பு: ஒரு மதிப்பீடு

முனையில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் ஆட்டமான லாக்ராஸில், என் மகள் பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்ந்த பிறகு நான் பார்த்த முதல் மூன்று ஆட்டங்களில், நடுவர் எதற்காக விசில் ஊதுகிறார் என்பது எனக்குப் பாதி நேரம் விளங்கவில்லை. குறிப்பாக, பந்தைத் தொடாமலும் எவரையும் இடிக்காமலும் கோலுக்கு முன்னே நின்ற ஒரு சிறுமி, அங்கே நின்றதற்காகவே தண்டிக்கப்பட்டதை அநியாயம் என்றே எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை, எங்கள் மன்றம் பெற்றோருக்காக நடத்திய இரண்டு மணி நேர வகுப்பு எனக்குப் புரியவைத்தது.

வகுப்பு அறைக்குள் நடக்கவில்லை, மைதானத்திலேயே நடந்தது. பயிற்சியாளர் முதலில் பந்தை எங்கள் கைகளில் கொடுத்தார். ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டியான ரப்பர் பந்தைக் கையில் ஏந்திய பிறகுதான், களத்தில் ஓடும் சிறுமிகள் கண்ணுக்கு ஒரு காப்பும் பல்லுக்கு ஒரு காப்பும் மட்டுமே கட்டாயமாக அணிகிறார்கள் என்பதன் பொருள் உறைத்தது. கோல்கீப்பருக்குத்தான் முழுக் கவசம் உண்டு. மற்றவர்களுக்கு மென்மையான தலைக்காப்பு அணிவது பொதுவாக விருப்பத்தைப் பொறுத்தது. ஆண் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஹெல்மெட்டும் தோள்பட்டைக் காப்பும் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே விதிகளே செய்கின்றன என்று அவர் சொன்னது, பிற்பாடு கேட்ட எல்லாவற்றுக்கும் திறவுகோலாக அமைந்தது.

அதன்பின் எங்களில் ஒருவரைப் பந்தோடும் இன்னொருவரைக் கோலுக்கு முன்னேயும் நிறுத்தி, 'ஷூட்டிங் ஸ்பேஸ்' விதியை விளக்கினார். பந்தை வைத்திருப்பவருக்கும் கோலைச் சுற்றிய வட்டத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை இருக்கிறது. எந்த எதிராளியையும் ஸ்டிக் நீளத் தொலைவுக்குள் நெருங்கிக் காவல் செய்யாமல் ஒரு தற்காப்பு வீராங்கனை அந்தப் பாதையில் நின்றால், எறியப்படும் பந்து அவர் மீதே பாயக்கூடும் என்பதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார். அந்த இடத்தில் நானே நின்று பார்த்தபோது, நான் அநியாயம் என்று நினைத்த அந்த விசில் அந்தச் சிறுமியைக் காப்பதற்காக ஊதப்பட்டது என்பது தெளிவாயிற்று. கோலுக்கு முன்னே வரையப்பட்ட எட்டு மீட்டர் வளைவுக்குள் எவரையும் காவல் செய்யாமல் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும், பந்து வைத்திருப்பவரின் தலையைச் சுற்றி ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அளவுக்கு எதிராளியின் ஸ்டிக் நுழையக் கூடாது என்ற விதியும் இதே அக்கறையிலிருந்து பிறந்தவை என்பதை அவர் அழகாக இணைத்துக் காட்டினார்.

நடுக்களத்தில் இருவர் நின்றபடி பந்தை மேலே எழுப்பித் தொடங்கும் 'டிரா', தரையில் கிடக்கும் பந்தை ஸ்டிக்கால் மூடி மறைப்பது தவறு என்பது போன்றவை சில நிமிடங்களில் முடிந்துவிட்டன; அவற்றுக்கு அதுவே போதும்.

ஆனால் பந்தை விழவைப்பதற்காக எதிராளியின் ஸ்டிக்கைத் தட்டுவது பற்றிய பகுதியை இவ்வளவு அவசரமாகக் கடந்திருக்கக் கூடாது. பத்து வயதுக்குட்பட்டோருக்கு அது முற்றிலும் தடை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில், எதிராளியின் ஸ்டிக் தோளுக்குக் கீழே இருக்கும்போது, உடலை விட்டு விலகிய திசையில் மட்டுமே தட்டலாம். இந்த வேறுபாடு தெரியாமல் பார்வையாளர் பகுதியிலிருந்து "தட்டு, தட்டு" என்று கத்தும் பெற்றோர்தாம் குழந்தைகளைத் தவறு செய்யத் தூண்டுகிறார்கள். எங்களுக்கு வழங்கப்பட்ட கையேடும் உயர்நிலைப் பள்ளி விதிகளைச் சிறார் விதிகளோடு கலந்து அச்சிட்டிருந்தது. அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

இக்குறைகள் இருந்தும், மகளை இந்த ஆட்டத்தில் சேர்த்திருக்கும் எவருக்கும் இவ்வகுப்பை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். போகும்போது பிள்ளையின் ஸ்டிக்கை எடுத்துச் செல்லுங்கள். அதைக் கிடையாகப் பிடிக்கும்போது பந்தின் மேற்பகுதி பக்கச் சட்டத்துக்கு மேலே தெரிகிறதா என்று இறுதியில் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தருகிறார்கள். என் மகளின் ஸ்டிக்கில் வலை அதிகமாகத் தொங்கியிருந்ததை அங்கேதான் கண்டுபிடித்து இறுக்கிக் கொடுத்தார்கள்.