கல்லடிப் பக்கம் வீட்டுக்கு வாற பிசியோ (உடற்பயிற்சி வைத்தியம் செய்யிறவர்), எப்பிடி?

மாமாக்கு பாரிசவாதம் வந்து ரெண்டு வருசம் தாண்டிட்டு, இனிக் கை வராது எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. நடைக்கெண்டு டவுனுக்க ஒரு இடத்துல பெல்ட்டால தூக்கிப் பிடிச்சி ட்ரெட்மில்லுல நடக்க வைச்சாத்தான் சரி எண்டு பெரிய காசு கேட்டாங்க. அந்த முறைய அமெரிக்காவுல லீப்ஸ் எண்ட ட்ரயல்ல, அதாவது ஆய்வுல, 408 பேருக்கிட்ட பாத்து 2011ல முடிவு சொல்லிட்டாங்க, வீட்டுல பிசியோ வந்து செய்விக்கிற எக்சசைஸ விட அது மேல இல்லயாம். பிறகென்னத்துக்கு மெசினுக்கு அழுவான்?

வீட்டுக்கு வாற இந்தப் பிசியோத் தம்பிட வேல நல்லம். நல்ல கைக்கு சட்டி இறக்கிற தடிச்ச துணிக் கையுறைய மாட்டிட்டு, ஏலாத கையால கொடியில கிடக்கிற உடுப்புக் கிளிப்ப ஒவ்வொண்டாக் கழட்டி பேணிக்குள்ள போடுங்க ஐயா எண்டுவார், மாமா ஏசி ஏசித்தான் செய்யிற. இதுவும் சும்மா இல்ல, 2006ல வந்த எக்சைட் ட்ரயல்ல 222 பேருக்கு நல்ல கைய மூடி 2 கிழமை பயிற்சி குடுத்து கை முன்னேறியிருக்கு. அவங்க பாரிசவாதம் வந்து 3-9 மாசம் ஆன ஆக்கள், மாமா பழைய கேஸ், எண்டாலும் இப்ப சேட் பொத்தான் ரெண்டு பூட்டுறார். மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசையாட்டி இது சரிவராது, அத முதல்நாளே பாத்துத்தான் ஓமெண்டார், அது பிடிச்சிது.

நேரந்தான் பிழை, நாலு மணி எண்டா அஞ்சரைக்குத்தான் வருவார், போனும் எடுக்கமாட்டார். காசுக்கு ரசீதுத் துண்டு கேட்டு வாங்குங்க. அஞ்சுக்கு நாலு புள்ளி குடுக்கலாம்.